தின்றது காமா, எஞ்சியது பீட்டா: பி.எச்.சி. சிதைவில் மண் பாக்டீரியாவின் எல்லை

மண்ணில் விழும் நஞ்சைப் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும் என்பது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைப் பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) என்னும் பூச்சிக்கொல்லிப் பொடியைக் கொண்டே காட்டலாம்.

ஒரு தலைமுறைக்கு முன்வரை உழவர்கள் வயலில் தூவிய இப்பொடி தனிப்பொருள் அன்று. ஒரே அணுக்கள் வெவ்வேறு திசையில் அமைந்த மாற்றியங்களின் கலவை. பூச்சியைக் கொல்லும் காமா அதில் ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காடுதான். லிண்டேன் என்று தனியே பிரித்து விற்றதும் இதைத்தான். பெரும்பகுதி ஆல்ஃபா, சிறிதளவு பீட்டா. பயிருக்குப் பயன்படாத சரக்கையே மூட்டை மூட்டையாக நிலத்தில் கொட்டியிருக்கிறோம்.

1966இல் ஆய்வாளர்கள் ராகுவும் மக்ரேயும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீர் தேங்கிய நெல்மண்ணில் காமா விரைந்து மறைந்தது. கிருமி நீக்கிய மண்ணில் நெடுநாள் தங்கியது. வேலை செய்தது நுண்ணுயிர் என்பதில் ஐயமில்லை. பின்னாளில் காற்றுள்ள சூழலிலும் இதைச் செய்யும் இனங்கள் கிடைத்தன: ஜப்பானில் ஸ்பிங்கோபியம் ஜப்பானிகம் யு.டி.26, இந்திய வேளாண் மண்ணில் ஸ்பிங்கோபியம் இண்டிகம் பி90ஏ.

இவற்றின் 'லின்' நொதிகள் வரிசையாக இயங்குகின்றன. லின்ஏ, காமாவின் வளையத்திலிருந்து ஹைட்ரஜனையும் குளோரினையும் இணையாகக் கழற்றுகிறது, இருமுறை. லின்பி குளோரின் இருந்த இடத்தில் ஹைட்ராக்சிலை வைக்கிறது. லின்சி, லின்டி ஆகியவற்றைக் கடந்ததும் லின்இ வளையத்தையே உடைக்கிறது. அதன்பின் அது பாக்டீரியாவுக்குச் சாதாரண உணவு.

லின்ஏவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாற்காலி போல் மடிந்த வளையத்தில், அடுத்தடுத்த கார்பன்களில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு குளோரினும் எதிரெதிராகச் செங்குத்தாக நிற்க வேண்டும். பீட்டாவிலோ ஆறு குளோரின்களும் பக்கவாட்டில் படுத்திருக்கின்றன. பிடிக்கக் கை கிடைக்காத பொருள்! லின்பி மட்டும் ஒன்றிரண்டு குளோரினை மாற்றி ஆல்கஹாலாக்கி நிறுத்திவிடுகிறது. அந்த ஆல்கஹால்கள் நீரில் கூடுதலாகக் கரைவன. பழைய உற்பத்தித் தளமொன்றின் நிலத்தடி நீரிலேயே அவை கண்டறியப்பட்டுள்ளன.

காலம் கொடுத்தால் பாக்டீரியா பீட்டாவையும் கற்றுக்கொள்ளும் என வாதிடுவோர் உண்டு. லின் மரபணுக்கள் சிதறிக் கிடப்பதும், பலவற்றின் அருகே ஐ.எஸ்.6100 என்னும் இடம்பெயரும் துண்டு இருப்பதும் அவை அண்மையில் திரட்டப்பட்டவை என்று காட்டுவது மெய்தான். ஆனால் மரபணு இடம்பெயர்வதால் மூலக்கூறின் வடிவம் மாறிவிடாது. இவ்வாதத்தை நம்பி நிலத்தைக் காத்திருக்கச் செய்வது பொறுப்பான அறிவியல் அன்று.

1997இல் இந்தியா பி.எச்.சி.யைத் தடைசெய்தது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஆல்ஃபா, பீட்டா, லிண்டேன் மூன்றையும் தனித்தனியே நிலைத்த கரிம மாசுகளின் பட்டியலில் சேர்த்தது. மண் தூய்மையறிக்கைகளும் அவ்வாறே பிரித்து அளக்க வேண்டும். லிண்டேன் குறைந்ததை மட்டும் சொல்லி, பீட்டாவையும் அதன் ஆல்கஹால்களையும் சொல்லாத அறிக்கையைத் தூய்மைச் சான்றாக ஏற்பதற்கில்லை.