சூசன்னா சால்ட்டர்

சூசன்னா மடோரா சால்ட்டர் (2 மார்ச் 1860 – 17 மார்ச் 1961): அமெரிக்காவில் மேயராகத் தேர்வாகிப் பதவி வகித்த முதல் பெண். கான்சாஸ் மாநிலத்தின் அர்கோனியாவில் 1887இல் ஓராண்டு மேயராக இருந்தார். ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர் அது. சட்டப்படி மட்டுமே நகரம்.

ஒஹாயோவில் கின்சி குடும்பத்தில் பிறந்தவர். 1872இல் குடும்பம் கான்சாஸில் குடியேறியது. மான்ஹட்டன் நகரின் வேளாண் கல்லூரியில் படித்தபோது உடல்நலம் குன்றியதால் பட்டம் பெறச் சில வாரங்களே இருக்கையில் படிப்பை விட்டார். அங்கே அறிமுகமான லூயிஸ் சால்ட்டரை மணந்து 1882இல் அர்கோனியா வந்தார். ஊர் 1885இல் நகராக்கப்பட்டபோது முதல் மேயரானவர் அவருடைய தந்தை ஆலிவர் கின்சி. கணவர் நகர எழுத்தர்.

கான்சாஸில் மதுவிலக்கு ஏற்கெனவே சட்டம். அதை ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தது பெண்கள் கிறித்தவ மதுவிலக்குச் சங்கம். சூசன்னா அதன் உறுப்பினர். 1887இல் மாநிலம் நகராட்சித் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை தந்ததும், சங்கம் தனக்குப் பிடித்த ஆண் வேட்பாளர்களின் பட்டியல் ஒன்றை முன்வைத்தது. இது பிடிக்காத இருபது ஆண்கள் ஒரு குறும்பு செய்தார்கள். அன்று வாக்குச்சீட்டை அரசு அச்சிடுவதில்லை. யாரும் அச்சிடலாம், வேட்பாளரின் சம்மதமும் வேண்டியதில்லை. சங்கத்தின் பட்டியலை அப்படியே எடுத்து, மேயர் இடத்தில் மட்டும் சூசன்னா பெயரைப் போட்டார்கள். படுதோல்வி கண்டால் பெண்கள் அரசியல் பக்கமே தலைகாட்டமாட்டார்கள் என்பது கணக்கு.

ஏப்ரல் 4, வாக்குப்பதிவு நாள். காலையில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. குடியரசுக் கட்சியினர் வீடு தேடி வந்து, வென்றால் பதவி ஏற்பீர்களா என்று கேட்டார்கள். ஏற்பேன் என்றார். சங்கத்துப் பெண்களும் தங்கள் வேட்பாளரைக் கைவிட்டு அவருக்கே வாக்களிக்க, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் வென்றார். அப்போது அவருக்கு வயது 27.

நகர மன்றத்தில் அவருடன் அமர்ந்த உறுப்பினர்கள் அனைவரும் ஆண்கள். வெளியூர்ப் பத்திரிகைகள் செய்தியாளர்களை அனுப்பி வேடிக்கை பார்த்தன. ஆனால் நிர்வாகம் பரபரப்பின்றியே நடந்தது. தந்தையும் கணவரும் நகராட்சிப் பொறுப்பில் இருந்த வீட்டிலிருந்து வந்தவருக்கு மன்ற நடைமுறை புதிதாக இருந்திருக்காது. குறும்புக்காரர்கள் இதை எண்ணிப் பார்க்கவில்லை. பதவிக்காலத்தில் ஒரு குழந்தையும் பெற்றார். ஆண்டுச் சம்பளம் ஒரு டாலர்.

மறுமுறை போட்டியிட மறுத்துவிட்டார். 1888இல் அதே மாநிலத்தின் ஒஸ்கலூசாவில் மேயர், மன்ற உறுப்பினர்கள் அனைவருமே பெண்களாகத் தேர்வானார்கள். சால்ட்டர் குடும்பம் பின்னர் ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தது. அங்கு நார்மன் நகரில் 101 வயதில் இறந்தவரை அர்கோனியாவில் அடக்கம் செய்தனர்.