நியூஸ் ரீலுக்கு முன்பு

'நியூஸ் ரீல் முடியட்டும், உள்ளே போகலாம்' என்று தியேட்டர் வாசலில் பீடி பற்றவைத்து நின்றவர்கள் ஒரு தலைமுறை முழுக்க உண்டு. ஆவணப்படம் என்றால் மெயின் படத்துக்கு முன்னால் சகித்துக்கொள்ள வேண்டிய இருபது நிமிடம் என்ற எண்ணம் அங்கேதான் ஊறியது. 1943இல் போர்ப் பிரசாரத்துக்காக இவற்றைத் தியேட்டர்கள் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை ஆங்கிலேய அரசு கொண்டுவந்தது. சுதந்திர இந்தியா அதை விடவில்லை. 1948இல் பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கி, கட்டாயத்தையும் அதன் வழியே தொடர்ந்தது. சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி போன்ற அசல் கலைஞர்கள் அங்கே படமெடுத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அரங்கம் நிறைய ஆட்கள் இருந்தார்களே தவிர, தேடிவந்த பார்வையாளர் குறைவு.

அந்தக் கட்டாயம் வருவதற்கு மூன்றாண்டுகள் முன்பே தமிழில் வேறொன்று நடந்திருந்தது. 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னையில் ஏ.கே. செட்டியாரின் 'மகாத்மா காந்தி' வெளியானது. அதுவே மெயின் படம். நீளம் 12,000 அடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். நடிகர் இல்லை, கதை இல்லை. ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

கோட்டையூர்க்காரரான செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இந்த யோசனை பிறந்தது. அப்போது அவருக்கு வயது 25. காந்தியைப் புதிதாகப் படம்பிடிப்பதைவிடப் பெரிய வேலை, முப்பதாண்டுகளில் ஏறக்குறைய நூறு பேர் எடுத்துவைத்த சுருள்களைத் தேடிப் பிடிப்பது. ஒரு லட்சம் மைல் அலைந்து அவர் சேர்த்தது சுமார் 50,000 அடி. முக்கால் பங்கைக் கழித்துவிட்டார். அலைச்சலைத்தான் எல்லாரும் வியக்கிறார்கள்; எனக்கு இந்தக் கழித்தல்தான் பெரிதாகப் படுகிறது. பாடுபட்டுச் சேர்த்ததை வெட்ட யாருக்கு மனம் வரும்?

படத்தில் பாட்டும் உண்டு. ராட்டையைப் பற்றி டி.கே. பட்டம்மாள் பாடினார். ஆவணப்படத்தில் பாட்டா என்று தூயவாதிகள் முகம் சுளிக்கலாம். பாட்டில்லாத தமிழ்ப் படத்தை 1940இல் யார் பார்த்திருப்பார்கள்? சரித்திரச் சான்றில் கைவைக்காமல், சனங்களுக்குப் பழகிய வடிவத்தோடு அவர் சமரசம் செய்துகொண்டார். எதில் விட்டுக்கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த அரசுப் படங்களுக்கு அந்தக் கவலையே எழவில்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தியேட்டரில் ஓடியாக வேண்டுமே.

தெலுங்கு விளக்கவுரையுடனும் படம் வந்தது. 1947இல் இந்தி வடிவம் டெல்லியில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலச் சுருக்கம் ஒன்று தயாரானது. படம் உருவான கதையைச் செட்டியார் எழுதியதை வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று பதிப்பித்தார். ஆங்கிலச் சுருக்கத்தைத் தேடிக் கண்டெடுத்தவரும் அவர்தான். தமிழ் மூலத்தின் முழுப் பிரதி கிடைக்கவில்லை.