அம்மைப்பால் வந்த வழி

நம் பாட்டியாரின் இடக்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, காசளவில் இரண்டு வடுக்கள் இருந்தன. சிறு வயதில் நாம் வினவியபோது, "அம்மை குத்தினது" என்று மட்டும் சொல்வார். தம் தந்தையார் கையிலும் அவ்வாறே இருந்ததென்றும், அதனை அவர் "கப்பலேற வைத்த முத்திரை" என்பாரென்றும் கூறுவார். கொடிய நோயினின்று காக்க இட்ட ஒன்றை நம் முன்னோர், மூட்டையின்மேல் இட்ட அடையாளம் போல் கருதியது ஏன்?

1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த பசுவம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவனொருவனுக்குக் குத்தினார். பின்னர் வைசூரி நீரையே குத்தியும் அவனை அந்நோய் அணுகவில்லை. இஃது உலகறிந்த செய்தி. அப்பால் இந்தியக் கரையை அடைந்த கதையைத்தான் நம்மவர் அதிகம் கேட்டதில்லை. வெப்பம் பட்டால் அது கெட்டுவிடும். பன்முறை அனுப்பியும் பலியாமல், வியன்னாவிலிருந்து பாக்தாத், பஸ்ரா வழியாக வந்தது, 1802ஆம் ஆண்டு ஜூன் 14இல் பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தையின் கையில் பலித்தது. அவள் பிரபு வீட்டுப் பிள்ளையல்லள். பணியாளர் வீட்டுக் குழந்தை. அவள் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்தே பிற குழந்தைகளுக்கும், அவர்கள் கைகளிலிருந்து பிற நகரங்களுக்கும், சென்னைக்கும் அது சென்றது.

கையிலிருந்து கைக்கு எடுத்துக் குத்தும் இம்முறையில் ஒரு கேடு இருந்தது. ஒருவர் உடம்பிலுள்ள வேறு நோயும் உடன் தொற்றக்கூடும். குழந்தையின் புண்ணைக் கீறி நீர் எடுப்பதை எந்தத் தாய் பொறுப்பாள்? மாரியம்மன் கோபிப்பாள் என்னும் மூட எண்ணத்தாலேயே நம்மவர் மறுத்தனர் என்று எழுதி முடிப்பாரும் உளர். அது பாதி உண்மையே. வேப்பிலை கட்டி, பிறர் உள்ளே வாராதபடி காத்த நம் வீட்டுப் பெண்டிர், நோய் தொற்றும் என்பதை ஒருவாறு அறிந்தே இருந்தனர். அவர்களுக்கு இல்லாதிருந்தது விளக்கம் சொல்லுவார் ஒருவரே.

பிற்காலத்தில் கன்றுகளினின்று அம்மைப்பால் எடுக்கலாயினர். சென்னை மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனராயிருந்த கிங் என்பவர், வெயிலில் அது விரைவிற் கெடாதிருக்க ஆட்டுரோமக் கொழுப்பிற் குழைத்து வைக்கும் முறையைக் கண்டார். 1899இல் நிறுவப்பெற்ற கிண்டி நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி நம் கதை. மலாயாவுக்கு ஆள் சேர்த்த காலத்தில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் கூலி முகாம்கள் இருந்தன. அங்கே வைத்திய சோதனை, அம்மை குத்துதல். கடல் கடந்தால் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் தனிமைக் காவல். 1938இல் இந்தியச் சர்க்கார் இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை பேராத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர் பலர் இவ்வழியே வந்தனர். வரிசையில் நின்றனர், கையை நீட்டினர், போ என்றதும் போயினர். முத்திரை என்ற சொல் பிறந்தது அங்கேதான்.

ஆயினும் அந்த முத்திரை தன் வேலையைச் செய்தது. 1980இல் வைசூரி உலகினின்றே ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாட்டியாரின் வடு நம் கையில் இல்லாமைக்குக் காரணம் இதுவே. நம் கையிலுள்ளது காசநோய்க்கான பி.சி.ஜி. வடு.

அக்காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் லயம் லயமாக வருவார். பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடுகளாகவும் மாறின; நம்மவர் புந்தோங்குக்கும் பிற பட்டணப் பகுதிகளுக்கும் குடிபெயர்ந்தனர். நாள் பார்த்துக் குழந்தையைத் தூக்கிச் செல்வது இப்போது பெற்றோர் கடமை. பிறந்தவுடன் பி.சி.ஜி.யும் கல்லீரல் அழற்சி 'பி' ஊசியும், 2, 3, 5, 18 ஆகிய மாதங்களில், தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி, இளம்பிள்ளைவாதம் முதலிய ஆறுக்கும் ஒரே ஊசி, 9, 12 மாதங்களில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கு, 7 வயதில் பள்ளியில் மீண்டும், 13 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க் காப்பு, 15இல் இரணஜன்னிக்கு. பெரியோருக்கும் உண்டு: கருவுற்ற தாய்க்கு இரணஜன்னி ஊசி, முதியோர்க்கு ஃபுளூ ஊசி. 1992க்குப் பின் இந்நாட்டிற் காணாத இளம்பிள்ளைவாதம் 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றைப் பற்றியதை நாம் மறக்கலாகாது.

குழந்தைக்கு ஊசி போட லீவு கேட்டு வந்த இளைஞர் ஒருவர் சென்ற மாதம் நம் மேசையருகே நின்று, "ஒன்பது மாசம் ஏன் காத்திருக்கணும், கிராணியாரே? முன்னாலேயே போட்டால் என்ன?" என்றார். தாயிடம் பெற்ற காப்பு குழந்தையின் உடம்பில் சில மாதம் தங்குமென்றும், அது இருக்கும்போது தட்டம்மை ஊசி சரிவரப் பலியாதென்றும், அது தேய்ந்தபின் தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளுமென்றும் சொன்னோம். அவர் லீவுக் கடிதத்தின் பின்புறத்தில் அந்த மாதக் கணக்கை எழுதிக்கொண்டு, மனைவியிடம் சொல்ல வேண்டுமென்று புறப்பட்டார்.