மிதக்கும் அரண்மனைகள் – 14: உச்சியில் முளைத்த இரண்டு மாடிகள்

1990-ஆம் ஆண்டு. ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நகரில் உள்ள லாய்ட் வெர்ஃப்ட் கப்பல் பட்டறைக்கு ‘நார்வே’ மறுபடியும் வந்து சேர்ந்தது. அந்தப் பட்டறை அதற்குப் பழகிய இடம். பதினோரு வருடங்களுக்கு முன்பு ‘பிரான்ஸ்’ என்ற பெயரோடு உள்ளே நுழைந்து, நீல வண்ணம் பூசிக்கொண்டு, ‘நார்வே’யாக வெளியே வந்தது இங்கேதான். அப்போது நடந்தது உயிர் மீட்பு. இந்த முறை வேலையே வேறு. உலகின் மிக நீளமான பயணிகள் கப்பலின் உச்சியில் புதிதாக இரண்டு தளங்களை ஏற்றப்போகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சொகுசு அறைகள். அவற்றில் பலவற்றுக்குத் தனி பால்கனி.

கப்பலை நேசித்தவர்கள் பதறினார்கள். ஏன் பதறினார்கள் என்று புரிய வேண்டுமானால், அந்தக் கப்பல் எப்படி இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

சென்ற வாரங்களில் பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸின் சாங் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் 1960 மே 11 அன்று, அதிபர் சார்ல் தெகோலின் மனைவி இவோன் தெகோல் இந்தக் கப்பலைக் கடலில் இறக்கி வைத்தார். 1962 பிப்ரவரியில் முதல் பயணம். நீளம் 315 மீட்டருக்குச் சற்று அதிகம். வேகம் மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல். அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் போய்த் திரும்புவதுதான் அதன் பிழைப்பு. ஜெட் விமானம் பயணிகளைப் பறித்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. மானியம் நின்றது. 1974 செப்டம்பரில் கப்பலை நிறுத்துவதை எதிர்த்து ஊழியர்களே அதைக் கைப்பற்றி, லெ ஹாவ்ர் துறைமுக வாயிலில் நங்கூரமிட்டார்கள். போராட்டம் தோற்றது. ஐந்து வருடம் துறைமுகத்தின் ஒரு மூலையில் கப்பல் கேட்பாரற்றுக் கிடந்தது.

1979-இல் நார்வே நாட்டுக் கப்பல் முதலாளி க்னூட் க்ளோஸ்டர் 1.8 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கினார். டென்மார்க் கப்பல் வடிவமைப்பாளர் டாகே வாண்ட்போர்க் அதைக் கரீபியக் கடலுக்கு ஏற்றபடி மாற்றினார். நான்கு சுழலிகளில் இரண்டைக் கழற்றினார். எரிபொருள் செலவு குறைந்தது, வேகமும் குறைந்தது. பின்பகுதியில் வெயில் காய விசாலமான திறந்தவெளி அமைத்தார். ஆனால் கப்பலின் முகத்தை அவர் தொடவில்லை. இறக்கை விரித்த அந்த இரண்டு புகைபோக்கிகளையும் தொடவில்லை. 1980-இல் மயாமியிலிருந்து ஓட ஆரம்பித்த ‘நார்வே’யைப் பார்க்கவே கூட்டம் கூடியது.

அப்படிப்பட்ட கப்பலுக்குப் பத்தே வருடத்தில் மாடி கட்டும் அவசியம் எங்கிருந்து வந்தது?

பதில் 1988 ஜனவரியில் மயாமிக்கு வந்து சேர்ந்தது. அதன் பெயர் ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’. ராயல் கரீபியன் நிறுவனத்தின் புத்தம் புதிய கப்பல். 73,192 டன். ‘நார்வே’ அப்போது சுமார் 70,000 டன். கப்பல் கணக்கில் இந்த டன் எடையைக் குறிப்பதில்லை. மூடிய இடம் எவ்வளவு என்ற கொள்ளளவைக் குறிக்கிறது. நீளத்தில் 45 மீட்டருக்கும் மேல் குறைவாக இருந்த புதிய கப்பல், கொள்ளளவில் ‘நார்வே’யை முந்திவிட்டது. உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல் என்ற பட்டம் கைமாறியது. வலியைக் கூட்டும் செய்தி இன்னொன்று உண்டு. ‘சாவரின்’ கட்டப்பட்டதும் அதே சாங் நசேரில்தான்.

பட்டம் போனது ஒரு அடி. பால்கனி இன்னொரு அடி.

1984 நவம்பரில் சவுத்தாம்ப்டனில் இளவரசி டயானா ஒரு கப்பலுக்குப் பெயர் சூட்டினார். ‘ராயல் பிரின்சஸ்’. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கட்டியது. அதில் உள்ளறை என்பதே கிடையாது. ஒவ்வொரு அறையிலிருந்தும் கடல் தெரியும். மேல்தளங்களில் உள்ள அறைகளுக்குச் சொந்த பால்கனி. காலை எழுந்ததும் கதவைத் திறந்து, பைஜாமாவோடு நின்று கடற்காற்றை வாங்கலாம். அந்தச் சுகத்துக்குப் பயணிகள் கூடுதல் கட்டணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஒரே கப்பல், ஒரே சாப்பாடு, ஒரே கடல். பால்கனி இருந்தால் டிக்கெட் விலை வேறு. கப்பல் நிறுவனங்கள் இந்தக் கணக்கை உடனே புரிந்துகொண்டன.

அட்லாண்டிக் கப்பல்களில் பால்கனி ஏன் இல்லை என்று கேட்கலாம். அந்தக் கடல் குளிர்ந்த கடல், முரட்டுக் கடல். நான்கைந்து நாள் பயணத்தில் பயணி வெளியே நிற்பதைவிட உள்ளே கதகதப்பாக இருக்கத்தான் விரும்பினார். கடலைப் பார்க்க வட்டமான சிறு ஜன்னல் போதும் என்று கட்டினார்கள். விதிவிலக்குகள் அபூர்வம். 1935-இல் ஓட ஆரம்பித்த ‘நார்மண்டி’யில் டோவில், த்ரூவில் என்ற இரண்டு பெரும் அறைத்தொகுதிகளுக்குத் தனி மொட்டைமாடி இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் போகும் கப்பலில் இரண்டே இரண்டு குடும்பங்களுக்கு! ‘நார்மண்டி’யும் சாங் நசேரின் பிள்ளைதான்.

ஆக, பால்கனி வேண்டும். ஆனால் அதை எங்கே வைப்பது?

பக்கவாட்டில் வைக்க முடியாது. கப்பலின் உடல் ஒரு நீண்ட எஃகுப் பெட்டி. அலை நடுவில் தூக்கினால் முன்னும் பின்னும் தொங்கும். அலை இரண்டு முனைகளையும் தூக்கினால் நடு தொங்கும். இப்படி நிமிடத்துக்குப் பல முறை வளைந்து நிமிரும் அழுத்தத்தைப் பக்கத் தகடுகளும் மேல்தளமும் சேர்ந்துதான் தாங்குகின்றன. அதில் வரிசையாகப் பெரிய வாசல்களை வெட்டினால் வலு போய்விடும். சரி, உடலுக்கு மேலே உள்ள வெள்ளைக் கட்டடத்தில் வைக்கலாமா? அங்கே உயிர்காப்புப் படகுகள் குறுக்கே தொங்குகின்றன. பழைய கப்பல்களில் படகுகளை உயரத்தில் கட்டுவதுதான் வழக்கம். பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே படகின் வயிறுதான் தெரியும்.

மிச்சம் இருப்பது ஒரே இடம். உச்சி.

இதே முடிவுக்கு ‘நார்வே’க்கு முன்பே இன்னொரு பெரிய கப்பல் வந்திருந்தது. 1969-இல் ஓட ஆரம்பித்த ‘குயின் எலிசபெத் 2’. அதன் வெளித்தோற்றத்தை வடிவமைத்த ஜேம்ஸ் கார்ட்னர், பழைய அலங்காரங்களை உதறிவிட்டு, மெலிந்த ஒற்றைப் புகைபோக்கியும் படிப்படியாக இறங்கும் தளங்களுமாக அதை வரைந்திருந்தார். ஓட ஆரம்பித்து மூன்றே வருடத்தில், 1972-இல், கப்பலோட்டி மேடைக்குப் பின்னால் உச்சியில் பால்கனியுள்ள பென்ட்ஹவுஸ் அறைகளை அலுமினியத்தில் செய்து கொண்டுவந்து பொருத்தினார்கள். 1977-இல் மேலும் இரண்டு. 1986-87-இல் நீராவி இயந்திரங்களை அகற்றி ஒன்பது டீசல் இயந்திரங்கள் வைத்தபோது இன்னும் சில அறைகள். அந்தச் சமயத்தில் புகைபோக்கியும் தடித்தது. ஒவ்வொரு முறையும் வருமானம் கூடியது. ஒவ்வொரு முறையும் கார்ட்னரின் கோடு கொஞ்சம் அழிந்தது.

அலுமினியம் ஏன்? உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு டன்னும் கப்பலின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கும். மையம் உயர உயர, ஒரு பக்கம் சாய்ந்த கப்பல் நிமிர்வதற்கான விசை குறையும். புதிய சுவர்கள் காற்றையும் பிடிக்கும். அதனால் மேலே எடை குறைந்த உலோகம், கீழே தேவைப்பட்டால் கூடுதல் பாரம் என்று கணக்குப் பார்க்க வேண்டும். சில கப்பல்களில் மிதக்கும் தன்மையைக் கூட்ட, பின்பகுதியில் நீர்மட்டத்தில் எஃகுப் பெட்டி போன்ற நீட்சியைக்கூட ஒட்டியிருக்கிறார்கள்.

அட்லாண்டிக்கின் குளிர்கால அலைகளுக்காகக் கட்டிய ஆழமான உடல் ‘நார்வே’யுடையது. இரண்டு தளங்களை அது தாங்கியது. வேலை முடிந்து வெளியே வந்தபோது அதன் கொள்ளளவு 76,049 டன். ‘சாவரின்’ பின்னுக்குப் போனது. இழந்த பட்டம் திரும்பி வந்தது.

ஆனால் தோற்றம்?

1980-களில் எடுத்த பக்கவாட்டுப் படத்தையும் 1990-க்குப் பிறகு எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் கண் முன்மூக்கிலிருந்து பயணத்தைத் தொடங்கும். கத்திபோல் நீண்ட முன்மூக்கு. அங்கிருந்து உடலின் விளிம்பு மெல்லத் தாழ்ந்து, நடுவில் சமமாகி, பின்பக்கம் மறுபடி லேசாக உயரும். நேர்கோடுபோலத் தோன்றினாலும் அது வளைவு. அதன்மேல் தாழ்வாக வெள்ளைக் கட்டடம். அதற்கு மேலே திறந்த வானத்தில், மிகுந்த இடைவெளி விட்டு, இரண்டு புகைபோக்கிகள். அவற்றின் பக்கவாட்டு இறக்கைகள் வெறும் அலங்காரம் இல்லை. புகையையும் கரியையும் தளத்தில் விழாமல் இருபுறமும் தள்ளிவிடவே அவற்றை அமைத்தார்கள். அடி முதல் நுனி வரை முழுதாகத் தெரிந்ததால்தான் அந்தப் புகைபோக்கிகளுக்கு அவ்வளவு கம்பீரம்.

இரண்டாவது படத்தில் உடல் அதேதான். முன்மூக்கும் அதேதான். ஆனால் உச்சியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தட்டையான இரண்டு அடுக்குகள். கீழே வளைவு, மேலே நேர்கோடு. இரண்டும் ஒன்றோடொன்று பேசவில்லை. கீழே வட்டச் சிறு ஜன்னல்களின் வரிசை, மேலே பெரிய கண்ணாடிச் சதுரங்களின் வரிசை. புகைபோக்கிகளின் கால்கள் புதிய தளங்களுக்குள் புதைந்துவிட்டன. அவற்றின் உயரம் ஒரு அங்குலமும் குறையவில்லை. ஆனாலும் குள்ளமாகத் தெரிகின்றன. வாடகைக்காக மேலே இரண்டு மாடி எழுப்பிய பழைய ஓட்டு வீட்டைப் பார்க்கும்போது வரும் அதே சங்கடம் இங்கேயும் வருகிறது.

என் தீர்ப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். ‘நார்வே’யின் அழகைக் கெடுத்தது பால்கனி இல்லை. பால்கனிக்குக் கிடைத்த இடம். ஒரு கப்பலின் அழகு அளவுகளின் உறவில் இருக்கிறது. உடலுக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, புகைபோக்கிக்கு இவ்வளவு என்று முதலில் வரைந்தவர் போட்ட கணக்கு அது. ஒரு உறுப்பை மட்டும் வளர்த்தால் மற்ற எல்லாமே சிறுத்துப்போகும். கப்பலை வைத்துப் பிழைக்கிறவர்களின் நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. அந்த அறைகளின் வருமானம் இல்லாமல் ‘நார்வே’ 1990-களைத் தாண்டுவது கடினமாக இருந்திருக்கும். கெட்டுப்போன அழகோடு ஓடிய கப்பல், அழகு கெடாமல் உடைபட்ட கப்பலைவிட மேல்.

பால்கனியும் அழகும் சேரவே சேராது என்று நினைப்பவர்களுக்குப் பதில் சொன்னவர் ஸ்டீபன் பெய்ன். ‘குயின் மேரி 2’ கப்பலை வடிவமைத்தவர். கீழ்வரிசை பால்கனிகளை வெளியே ஒட்டாமல், கப்பலின் எஃகு உடலுக்குள்ளேயே வாசல் விட்டு அமைத்தார். முதல் நாளிலேயே வலுவைக் கணக்கிட்டு வரைந்ததால் அது சாத்தியமானது. நாற்காலியில் உட்கார்ந்தால் முன்னால் எஃகுச் சுவர் மறைக்கும், எழுந்து நின்றால்தான் கடல் தெரியும். அந்தச் சிறு குறையை ஏற்றுக்கொண்டு, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பழைய அட்லாண்டிக் கப்பலின் கரிய நீண்ட உடலைக் காப்பாற்றிக் கொடுத்தார். அந்தக் கப்பல் கட்டப்பட்ட இடம்? நீங்களே யூகித்திருப்பீர்கள். சாங் நசேர். 2003 டிசம்பரில் அது அங்கிருந்து புறப்பட்டது.

அதே 2003-ஆம் ஆண்டுதான் ‘நார்வே’யின் கதையில் விதி குறுக்கிட்டது.

உச்சியில் புதுப்புது அறைகள் முளைத்துக்கொண்டிருந்தபோது, கப்பலின் அடிவயிற்றில் சாங் நசேரில் பொருத்திய பழைய கொதிகலன்கள்தான் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. ‘குயின் எலிசபெத் 2’க்குக் கிடைத்த டீசல் இயந்திரங்கள் ‘நார்வே’யை ஓட்ட வரவில்லை. நாற்பது வருடப் பழைய எஃகு, சூடேறி, குளிர்ந்து, மறுபடி மறுபடி சூடேறியது. பயணிகள் கண்ணில் படும் தளங்களுக்குக் கிடைத்த கவனம் கீழே இருந்தவற்றுக்குக் கிடைத்ததா?

2003 மே 25, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. ‘நார்வே’ மயாமி துறைமுகத்துக்குள் வந்து கட்டப்பட்டது. கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். இறங்குவதற்குப் பெட்டி கட்டி முடித்தவர்கள் பலர், இன்னும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர். கீழே கொதிகலன் அறையில் ஊழியர்கள் வேலையில் இருந்தார்கள். மணி ஆறரையைத் தாண்டியது.

அடுத்த சில நிமிடங்களில் கொதிகலன் ஒன்று வெடித்தது.

உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆனது? அமெரிக்க விசாரணை அதிகாரிகள் கொதிகலனில் எதைக் கண்டார்கள்? ஒரு காலத்தில் பிரான்ஸ் நாட்டின் பெயரையே சுமந்த கப்பல், எப்படி நம் குஜராத்தின் அலங் கடற்கரைக்கும் நம் உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)