குழந்தையின் எடையும் தாயின் நேரமும்

முருங்கைக்கீரை சமையுங்கள், கேப்பைக்கூழ் கொடுங்கள், கடலையும் வெல்லமும் ஏழைகளின் சத்துணவு. சிறு குழந்தை உள்ள பெண் எவரும் இந்த அறிவுரையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சுகாதார நிலையத்துச் சுவரில் இருக்கும்; பெண்கள் பத்திரிகையின் சமையல் பக்கத்தில் இருக்கும்; மாமியார் வாயிலும் இருக்கும். அறிவுரையில் தவறில்லை. ஆனால் கீரையை ஆய, கேப்பையை முளைகட்டி அரைக்க, கூழைக் காய்ச்சி ஆற்றி, வாயை மூடிக்கொள்ளும் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கெஞ்சி ஊட்ட ஆகும் நேரம் யாருடையது? ‘குறைந்த செலவில் சத்தான உணவு’ என்னும்போது அந்த நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. மதுரைச் சீமையில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் குழந்தை உணவுத் திட்டங்களின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருச்சி செல்லும் சாலையில் இருக்கிறது கொட்டாம்பட்டி. உலக வங்கிக் கடனுதவியுடன் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் இந்த ஒன்றியத்தில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பிறகு மாநிலத்தின் 173 ஒன்றியங்களுக்கு விரிந்தது. இதற்குப் பின்னணியாக 1970களின் தொடக்கத்தில் தமிழகத்தில் நடந்த விரிவான ஊட்டச்சத்து ஆய்வு ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் போடும் சோறு, பள்ளிக்கு வரும் வயதுவரை பிழைத்த குழந்தைக்குத்தான் கிடைக்கிறது. உடலும் மூளையும் வேகமாக வளரும் முதல் மூன்று வயதில் பட்டினி கிடக்கும் குழந்தைக்கு அது எட்டுவதில்லை. புதிய திட்டம் அந்த வயதைத்தான் குறிவைத்தது.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வளர்ச்சி அட்டை. எடை ஏறாத, அல்லது குறைந்த குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் கூடுதல் உணவு. தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த அந்த உருண்டையை மையத்திலேயே சாப்பிட வைத்தார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் அண்ணன் தம்பிகளுக்கும் பங்கு போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. எடை தேறியதும் உருண்டை நிறுத்தப்படும். தேறாவிட்டால் தொடரும், மருத்துவரிடமும் அனுப்புவார்கள். திட்டம் நடந்த ஊர்களில் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. உலகெங்கும் ஊட்டச்சத்துத் துறையினர் தமிழகத்தை முன்னுதாரணமாகப் பேசத் தொடங்கினார்கள்.

இந்தத் திட்டத்தில் நம் கவனத்துக்குரியது, பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம். சமூக ஊட்டச்சத்துப் பணியாளர் அந்த ஊர்ப் பெண்ணாக, ஓரளவு படித்தவளாக இருக்க வேண்டும். ஏழ்மையிலும் தன் குழந்தைகளை நல்ல உடல்நலத்தோடு வளர்த்துவரும் தாயாக இருந்தால் முன்னுரிமை. அதாவது, குறைந்த வருமானத்தில் குழந்தையை வளர்க்கும் அறிவு அந்தத் தெருவிலேயே, அந்தப் பெண்களிடமே இருக்கிறது என்பது திட்டம் தீட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதே திட்டம், எடை குறைந்த குழந்தையின் தாயை உட்காரவைத்து ‘ஊட்டச்சத்துக் கல்வி’ போதித்தது. எடை ஏறினால் திட்டத்தின் வெற்றி. இறங்கினால் தாயின் அறியாமை.

தேறிய குழந்தையின் தாய்க்கும் தேறாத குழந்தையின் தாய்க்கும் இடையில் அறிவு மட்டுமா வேறுபடுகிறது? நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண் விடிந்ததும் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிறு சிறியது. ஒரே தடவையில் நிறையச் சாப்பிடாது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அவள் காலையில் ஒருமுறை, பொழுது சாய்ந்து வந்தபின் ஒருமுறை ஊட்ட முடியும். நடுவே பாட்டி இருந்தால் தப்பித்தது. இல்லாவிட்டால் எட்டு வயது அக்காள் இடுப்பில் தம்பியைச் சுமப்பாள். அவளுடைய பள்ளிப் படிப்பு அங்கேயே நின்றுபோகும். கூலியை விட்டு வீட்டில் இருந்தால் ஊட்ட நேரம் கிடைக்கும். ஊட்டுவதற்குத்தான் ஒன்றும் இருக்காது. வளர்ச்சி அட்டையில் எடை இறங்கிய கோட்டுக்குப் பின்னால் இருந்தது இந்த இக்கட்டு. அதைக் குறிக்க அட்டையில் கட்டமில்லை.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கியது. இரண்டு வயது முதலே குழந்தைகளுக்கு மதியச் சோறு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும் வந்தது. அப்போது எழுந்த விவாதம் பெரும்பாலும் அரசின் செலவையும் வாக்கையும் பற்றியது. வயல் வேலைக்குப் போன பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தால், அது ஒரு வேளைச் சோற்றோடு சில மணி நேரத்தையும் தந்தது. குழந்தையை விட்டுவிட்டு வர ஓர் இடம். அதுவரை அவளுக்கு யாரும் தராதது.

அந்தச் சோற்றைச் சமைத்தவர்களும் பெண்கள். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. கணவன் இல்லாதவளுக்கு ஊருக்குள் ஒரு பொது வேலை, கையில் மாதப் பணம். இந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அந்தப் பணத்துக்குப் பெயர் சம்பளம் அல்ல. சேவைக்கான தொகை என்றே அது கருதப்பட்டது. காலமுறை ஊதியத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்கள் நடத்திய மறியல்களின் வரலாறு தனி நூலாக எழுதப்பட வேண்டியது. அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு 2018இல் உயர்த்திய மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

அடுப்படியில் சாதியும் வந்து நின்றது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவு சமைத்த தலித் பெண்ணுக்கும் அதே கதை. சத்துள்ள உணவைத் தன் குழந்தை பட்டினியோடு மறுக்கும்படி செய்யும் பெற்றோரை எந்த ஊட்டச்சத்துக் கல்வியும் தொடுவதில்லை.

2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011இல் விலையில்லா அரிசி ஆனது. வயிறு நிறைவது எளிதானது. உண்மையிலேயே பெரிய ஆறுதல் அது. கம்பும் கேப்பையும் இருந்த இடத்தை அரிசி பிடித்துக்கொண்டது. பருப்பு, முட்டை, கீரை, பழம் ஆகியவற்றுக்கான காசும் அவற்றைச் சமைக்கும் நேரமும் பழையபடி அவள் பொறுப்பிலேயே நின்றன. சத்துணவில் 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, 2010இல் வாரம் ஐந்தாக வளர்ந்தது. பல வீடுகளில் குழந்தை சாப்பிடும் முட்டை அது மட்டும்தான்.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. முதல் கட்டமாக மாநிலமெங்கும் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும். உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். காலை எட்டு மணிக்குள் மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு இதன் அருமை தெரியும். இதைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் படிக்கும் குழந்தையின் தாய்க்கு அதில் முன்னிடம். கொட்டாம்பட்டியில் கேட்ட அதே தகுதி, தாய்மை. நூறு குழந்தைகளின் தட்டில் பொங்கல் விழ, அவள் இருட்டில் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். அந்த நேரத்தில் அவள் வீட்டுக் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

இத்திட்டங்கள் வேண்டாம் என்பது என் வாதமல்ல. ஒவ்வொன்றும் தாயின் தோளிலிருந்து ஒரு வேளையை இறக்கி வைத்திருக்கிறது. ஆனால் இறக்கிய சுமை இன்னொரு பெண்ணின் தோளுக்கு, குறைந்த விலைக்கு மாறியிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தந்தையை நாற்பது ஆண்டுகளில் எந்தத் திட்டமும் அழைத்து உட்காரவைத்துக் கூழ் காய்ச்சக் கற்றுக்கொடுக்கவில்லை. அடுத்த முறை யாராவது குறைந்த செலவில் சத்தான உணவு என்று பட்டியல் நீட்டினால், கிராம் கணக்கோடு மணிக்கணக்கையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். சமைப்பவருக்குச் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்போம்.