நூலில்லாப் பட்டம்

மைசூரில் வாழும் தமிழர்க்குத் தசராவைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்காக ஒரு காட்சியைச் சொல்லித் தொடங்குவோம். விஜயதசமி நாளன்று தங்க அம்பாரி சுமந்த யானை அரண்மனையினின்று புறப்பட்டுப் பன்னிமண்டபத்தை நோக்கிச் செல்லும். கன்னடர் 'பன்னி' என்று சொல்வது நம் வன்னி மரத்தையே. அன்றிரவு அங்குள்ள திடலில் தீப்பந்த அணிவகுப்பு நடைபெறும். தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டு களித்த நெருப்பு அது. 2024ஆம் ஆண்டுத் தசராவில் அதே திடலுக்கு மேலே வேறொரு வகை ஒளி எழுந்தது. ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்திகள் 1500, ஆளுக்கொரு விளக்கை ஏந்தினாற்போல் எழும்பி, இருண்ட வானத்தில் உருவங்களை வரைந்தன. 2025இல் அவற்றின் தொகை ஏறத்தாழ 3000 ஆயிற்று. கீழே தீப்பந்தம், மேலே ட்ரோன்; பழைய ஒளியும் புதிய ஒளியும் ஒரே திடலில் சந்தித்தன.

அத்தனை வானூர்திகளையும் இயக்கியது கணிப்பொறி. அங்கே மகிழ்ந்தவர்கள் பார்த்தவர்களே. ஆனால் இன்று நாடெங்கும், விடுமுறை நாட்களில், ஊர்ப்புற வெளிகளில், ஒற்றை ட்ரோனைத் தம் கையாலேயே பறக்கவிட்டு இன்புறுவோர் பலர் இருக்கின்றனர். அதனால் அவர்கள் பொருள் ஈட்டுவதில்லை. பொருளைச் செலவழிக்கவே செய்கின்றனர். தாம் பறப்பதும் இல்லை, தரையில்தான் நிற்கின்றனர். அப்படியிருக்க அவர்கள் பெறும் இன்பம் யாது? இவ்வினாவுக்கு விடை தேட மைசூரும் அதன் சுற்றுப்புறமும் நமக்குப் பெரிதும் உதவும்.

பறக்கும் ஊர்தியைப் பற்றிய கனவு நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 27ஆம் பாட்டில், பாகன் செலுத்தாமலே விண்ணில் இயங்கும் ஊர்தியொன்று பேசப்படுகிறது. நற்செயல் புரிந்து புலவர் பாடும் புகழ் பெற்றவர்க்கே அது கிட்டும் என்பது அங்குள்ள கருத்து. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் அரசன் தன் தேவிக்காக மயிற்பொறி ஒன்று செய்விக்கிறான். விசயை அதனைத் திருகி இயக்கப் பழகிக்கொள்கிறாள். பகைவன் சூழ்ந்தபோது அதில் ஏறியே தப்பிச் செல்கிறாள். இவ்விரண்டும் ஏறிச் செல்லும் ஊர்திகள். மனிதன் தரையில் நிற்க, அவன் ஏவியது மட்டும் வானில் உலவுவது வேறொரு கதை.

அக்கதையின் முதற்பக்கம் மைசூருக்கு அண்மையிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருக்கிறது. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழலில் வெடிமருந்தை அடைத்து, நீண்ட கழியொன்றைப் பிணைத்து ஏவிய வாணங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1780இல் காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஆங்கிலப் படை தோல்வியுற்ற போரில் அவ்வாணங்களுக்கும் பங்குண்டு. அப்போர்க் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் ஓவியமாகக் காணலாம். 1799இல் திப்பு வீழ்ந்தபின், அவ்வாணங்களை ஆராய்ந்தே காங்கிரீவ் என்பார் இங்கிலாந்தில் புதிய வாணங்களைச் செய்தார். நம் அப்துல் கலாம் 1960களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குப் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, மைசூர் வாணங்களைச் சித்திரிக்கும் ஓவியம் ஒன்று அங்கே மாட்டப்பட்டிருக்கக் கண்டு பெருமிதம் அடைந்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

வாணம் அரிய சாதனமே. ஆயினும் அதற்கும் கையை விட்ட அம்புக்கும் வேறுபாடில்லை. விட்டது விட்டதுதான். ஏவியவன் சொல்லை அது கேளாது, திரும்பியும் வாராது. அதில் வியப்பு உண்டு, அச்சம் உண்டு, உறவு இல்லை.

உறவு உள்ள விளையாட்டு ஒன்று அதே மண்ணில் நெடுங்காலமாக இருந்து வந்தது. பழைய மைசூர்ச் சீமையில் ஆஷாட மாதத்துக் காற்று எழுந்ததும் சிறுவரும் பெரியோரும் பட்டம் விடுவர். கன்னடத்தில் காற்றுக்குக் 'காளி' என்று பெயர். ஆகவே பட்டத்தைக் 'காளிபட' என்பர். நாமும் காற்றாடி என்கிறோம். இரு மொழியிலும் காற்றே அதற்குப் பெயர் தந்தது. ஆனால் அதனைப் பட்டமாக்குவது காற்றன்று, நூலே. நூல் அறுந்தால் அது வெறும் காகிதம். நூல் இருக்கும்வரை மேலேயுள்ள காற்றின் வேகமும் திசையும் கீழே நிற்பவனின் விரல்நுனிக்கு வந்து சேரும். அவன் சற்றே இழுத்தால் அது தலை நிமிரும்; தளர்த்தினால் விலகிச் செல்லும். தன் உடல் எட்டாத உயரத்தைத் தன் கை எட்டுகிறது! பட்டம் விட்டவர் எவரும் இதனை மறந்திருக்கமாட்டார். ட்ரோனின் இன்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

பட்டத்துக்குக் கண் வைத்துப் பார்க்கவும் மனிதன் விரைவில் முற்பட்டான். 1888இல் பிரான்சு நாட்டில் ஆர்தர் பத்தூ என்பார் பட்டத்தில் புகைப்படக் கருவியைக் கட்டி வானிலிருந்து படம் எடுத்தார். 1906இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தபோது, ஜார்ஜ் லாரன்ஸ் என்னும் அமெரிக்கர் பட்டங்களின் வரிசையில் பெரிய கருவியைத் தொங்கவிட்டு அவ்வழிவு முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினார். நூல் ஒன்றே குறையாக இருந்தது. அதன் நீளமே பட்டத்தின் எல்லையும் ஆயிற்று.

கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று அதற்குள் பிறந்துவிட்டது. அதுவே வானொலி அலை. 1898இல் நிகோலா தெஸ்லா நியூயார்க்கில் சிறு படகொன்றை நீரில் மிதக்கவிட்டு, கம்பியின்றியே அதனை இயக்கிக் காட்டினார். இதன்பின் நாம் குறிக்க வேண்டிய ஆண்டு 1935. அவ்வாண்டில் மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே ஒரு சிறு ஒலிபரப்புக் கருவியை அமைத்து, தம் சொந்த ஆர்வத்தால் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பத் தொடங்கினார். அரசு ஏவியதன்று, ஊதியம் கருதியதுமன்று. அந்நிலையத்துக்கு இடப்பட்ட பெயரே 'ஆகாசவாணி'. பின்னர் மைசூர் அரசு அதனை ஏற்று நடத்தியது. 1950களில் அப்பெயரே நாட்டின் வானொலி முழுவதற்கும் உரியதாயிற்று. ஒருவரது பொழுதுபோக்கு ஒரு தேசத்தின் குரலுக்குப் பெயர் கொடுத்ததென்றால், பொழுதுபோக்கை எளிதாக எண்ணலாமா?

அதே 1935இல் பிரிட்டனில் 'குவீன் பீ', அதாவது இராணித் தேனீ, என்னும் ஆளில்லா விமானம் பறந்தது. பீரங்கி வீரர்கள் குறிபார்த்துச் சுடப் பழகுவதற்காக அதனை வானொலி அலையால் தரையிலிருந்து செலுத்தினர். ஆண் தேனீக்கு ஆங்கிலத்தில் ட்ரோன் என்று பெயர். இராணித் தேனீயை ஒட்டியே பிற்கால ஊர்திகளுக்கு அப்பெயர் வந்தது என்பர். ஒரே ஆண்டில், மைசூரில் வானொலி அலை மனிதக் குரலைச் சுமந்தது. பிரிட்டனில் அது கட்டளையைச் சுமந்தது. ஒன்று கேட்போரை மகிழ்விக்க, மற்றொன்று சுடப்படுவதற்காக.

விளையாட்டும் போரும் இவ்வாறு ஒன்றையொன்று தொடர்ந்தே வந்துள்ளன. ரெஜினால்ட் டென்னி என்னும் ஹாலிவுட் நடிகர் 1930களில் பொம்மை விமானங்களில் பெருங்காதல் கொண்டு அவற்றுக்கென ஒரு கடையே நடத்தினார். அக்காதல் வானொலியால் இயங்கும் விமானமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அவரது நிறுவனம் அமெரிக்கப் படைக்கு ஏறத்தாழ 15,000 இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தது. போர் முடிந்தபின் மாதிரி விமானக் கலை மீண்டும் இளைஞர் கைக்கு வந்தது. இலேசான மரச்சட்டம், சிறு எந்திரம், கையில் ஒரு வானொலிப் பெட்டி. அதனைக் கட்டுவதற்குப் பல மாதங்கள் ஆகும். தவறாக இறக்கினால் நொடியில் நொறுங்கிப் போகும்.

அந்நிலையை மாற்றியது கைபேசி. கைபேசிக்கென்றே சாய்வையும் சுழற்சியையும் உணரும் நுண்கருவிகளும், இலேசான லித்தியம் மின்கலங்களும், சின்னஞ்சிறு படக்கருவிகளும் கோடிக்கணக்கில் செய்யப்பட்டமையால் அவை மலிவாயின. அவற்றையே நான்கு சுழலிகளுக்கு நடுவே பொருத்தினால் ட்ரோன் ஆகிறது. எதிரெதிர் மூலையிலுள்ள இரு சுழலிகள் வலமாகவும் மற்ற இரண்டும் இடமாகவும் சுழல்வதால் ஊர்தி தன்னைத்தானே சுற்றாமல் நிலைபெறும். பின்னிரண்டை விரைவாக்கினால் முன்னே செல்லும். நான்கையும் விரைவாக்கினால் மேலே எழும். காற்று தள்ளினாலும் நொடிக்குப் பன்முறை தன் சாய்வை அளந்து, தானே நிமிர்ந்து கொள்ளும். 2010இல் பிரான்சின் பாரட் நிறுவனமும், 2013இல் சீனாவின் ஷென்சென் நகரத்து டி.ஜே.ஐ. நிறுவனமும் வெளியிட்ட ஊர்திகளால் இக்கலை உலகெங்கும் பரவிற்று.

இனி, தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். சிலர்க்குக் கட்டுவதே இன்பம். உதிரிப் பாகங்களை வாங்கிப் பற்றவைத்துத் தம் கையால் உருவாக்குகின்றனர். சிலர்க்கு விரைவே இன்பம். கண்ணை மூடும் கண்ணாடியை அணிந்து, ட்ரோன் காண்பதையே தாமும் கண்டு, மரங்களினூடே பாய்கின்றனர். வேறு சிலர்க்குப் படம் எடுப்பதே இன்பம். தினமும் கடந்து செல்லும் ஏரி மேலிருந்து பார்க்கையில் இலைவடிவாய்த் தோன்றுவது கண்டு வியக்கின்றனர். மின்கலமோ 20 முதல் 30 நிமிடத்தில் தீர்ந்துவிடும். போனதைப் பத்திரமாகத் திரும்பக் கொணர்ந்து காலடியில் இறக்கும்போதுதான் மூச்சு விடுகின்றனர். இம்மூவகையினர்க்கும் பொதுவானது ஒன்றுண்டு. உடல் ஓரிடத்தில் நிற்க, கண்ணும் கருத்தும் வேறோரிடத்தில் உலவி, பின் உடலிடமே திரும்பி வருகின்றன. வாணத்தில் இல்லாததும் பட்டத்தில் இருந்ததுமான அந்த உறவே இங்கும் இன்பமாகிறது. நூல் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே வேறுபாடு.

நம் நாட்டில் இவ்வின்பம் எளிதில் கிட்டிவிடவில்லை. 2014 அக்டோபரில் ட்ரோன்களைப் பொதுமக்கள் பறக்கவிடலாகாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தடுத்தது. நான்கு ஆண்டுகளுக்குப்பின், 2018 டிசம்பரில் முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2021 ஆகஸ்டில் வெளியான விதிகளே வழியை அகலமாக்கின. வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாக வகுத்து, பச்சைப் பகுதியில் 400 அடி உயரம்வரை முன்னனுமதியின்றிப் பறக்கவிடலாம் என்றனர். 250 கிராமுக்கு மேற்படாத ஊர்திக்கும், வணிகநோக்கின்றிப் பறக்கும் 2 கிலோவுக்கு உட்பட்ட ஊர்திக்கும் ஓட்டுநர் சான்றிதழ் வேண்டுவதில்லை என்றனர். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது; உள்நாட்டில் செய்வோர்க்கு அது ஊக்கமாயிற்று.

தமிழ்நாட்டிலும் இவ்வார்வம் நற்பயன் விளைத்தது. சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்து எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்ஷா' மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தொலைவிலுள்ள நோயாளிக்கு வான்வழியே மருத்துவ உதவி சேர்ப்பதே போட்டியின் பொருள். அக்குழுவுக்கு வழிகாட்டியாக இருந்தவர் மாதிரி விமானம் பறக்கவிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட திரைப்பட நடிகர் அஜித்குமார். ஹாலிவுட் நடிகரின் விளையாட்டு பீரங்கிக்கு இலக்காய் முடிந்தது; நம் நடிகரின் விளையாட்டு மருந்துக்கு வழியாய் மலர்ந்தது.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டத்தின் நூலில் கண்ணாடித்தூள் பூசி மாஞ்சா ஆக்கியபோது, அது சென்னைத் தெருக்களில் இருசக்கர வண்டியில் சென்றோர் கழுத்தை அறுத்தது, உயிர்களும் போயின. சிறுவர் விளையாட்டைக் காவல்துறை தடுக்க வேண்டிய நிலை வந்தது. பழி பட்டத்தின்மேல் அன்று, பிறரை வெல்ல நினைத்த நூலின்மேல்தான். கண்ணுக்குத் தெரியாத நூலுக்கும் மாஞ்சா பூச முடியும். அயலார் வீட்டு மாடியை எட்டிப் பார்ப்பது ஒரு மாஞ்சா. கூட்டத்தின் தலைக்கு மேலும் விமானத்தின் வழியிலும் பறக்கவிடுவது மற்றொரு மாஞ்சா. 2022 முதல் உக்ரைன் போரில், விளையாட்டுக்கென்று செய்த சிறு ட்ரோன்களே குண்டு சுமந்து மனிதரைத் தேடிச் சென்றன. ஆகவே, ஒருவர் தம் ட்ரோனை எவர்க்கும் தீங்கின்றிப் பறக்கவிட்டுப் பத்திரமாக இறக்குகிறார் என்றால், அது சிறு செயலன்று. வாணமாக மாறிவிடக்கூடிய ஒன்றை அவர் பட்டமாகவே காத்து வருகிறார்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இவ்வின்பம் எளிதில் விளங்கும். நம் உடல் மைசூரிலோ மும்பையிலோ தில்லியிலோ இருக்கிறது. உள்ளமோ மாலைதோறும் ஏதோ ஒரு குளக்கரைக்கும் கோயில் தெருவுக்கும் சென்று திரும்புகிறது. முன்னாளில் வானொலிப் பெட்டியில் தமிழ்க்குரல் கேட்டபோது, அவ்வலையே நம்மை ஊரோடு பிணைத்த நூலாயிற்று. இன்று விடுமுறையில் ஊர் சென்ற பிள்ளை, தாத்தாவின் வயலையும் குளத்தையும் மேலிருந்து படம்பிடித்து வந்து காட்டுகிறான். வீட்டிலுள்ள முதியவர் அதில் தம் தெருவைத் தேடுகிறார். கண்டதும் விரலால் தொடுகிறார். எவ்வளவு உயரம் பறந்தாலும், எவ்வளவு தூரம் சென்றாலும், திரும்பி இறங்குவதற்கு ஓரிடம் உண்டு என்னும் நம்பிக்கையே பறப்பதை இனிதாக்குகிறது. அந்நூல் அறாமல் பார்த்துக்கொள்வது பறக்கவிடுவோர் கடமை. நம் கடமையும் அதுவே.