யூதத் தெருவின் பாட்டியம்மா

ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் நாள் புனிதர்கள் சுவக்கின், அன்னா ஆகியோரின் விழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. அன்னம்மாள் என்று நம் தாய்மார் அன்போடு அழைக்கும் அப்புனிதை யார்? மரியாவின் தாய், இயேசுவின் பாட்டி, ஒரு யூதப் பெண்மணி. அவரது பெயரை விவிலியம் குறிப்பிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த 'யாக்கோபின் முதல் நற்செய்தி' என்னும் நூலின் வழியாகவே மரபு அதனைக் காத்து வந்துள்ளது. விவிலியம் பெயர் சொல்லிப் போற்றும் பாட்டியும் ஒருவர் உண்டு. திமொத்தேயுவின் நம்பிக்கை முதலில் அவருடைய பாட்டி லோயியிடம் இருந்ததென்று புனித பவுல் நினைவுகூர்கிறார் (2 திமொ 1:5). திமொத்தேயுவின் தாய் ஒரு யூதப் பெண் என்பதைத் திருத்தூதர் பணிகள் நூல் (16:1) தெரிவிக்கிறது. நமது நம்பிக்கையின் வேர்கள் யூத இல்லங்களில் உள்ளன என்பதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

அந்த உறவை நினைவூட்டும் மூதாட்டி ஒருவர் நம் காலத்திலேயே, நம் அண்டை மாநிலத்தில் வாழ்ந்து மறைந்தார். ஓசூரில் நின்று செல்லும் எர்ணாகுளம் ரயிலில் ஏறினால் ஒரே பகலில் கொச்சியை அடைந்துவிடலாம். அங்கே மட்டாஞ்சேரியில் யூதத் தெரு இருக்கிறது. அத்தெருவில் வாழ்ந்த சாரா கோஹன் என்பவரே அம்மூதாட்டி.

கேரளக் கரையில் யூதர் நெடுங்காலமாக வாழ்ந்தவர்கள். ஏறத்தாழ ஆயிரமாவது ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் சிறப்புரிமைகள் வழங்கியதைக் கூறும் செப்பேடுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. பிற்காலத்தில் கொடுங்கல்லூரிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கும், ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இருந்து வந்தோருக்கும் கொச்சி அரசர் தம் அரண்மனைக்கு அருகிலேயே இடமளித்தார். 1568இல் அங்குப் 'பரதேசி' தொழுகைக்கூடம் எழுந்தது. இந்து மன்னரின் கோவில் ஒருபுறமும் யூதரின் தொழுகைக்கூடம் மறுபுறமுமாக ஒரே சுவரையொட்டி நிற்கும் காட்சியை இன்றும் காணலாம்.

இவ்வரலாற்றில் கத்தோலிக்கராகிய நாம் தலைகுனிய வேண்டிய பக்கமும் உண்டு. 1560இல் கோவாவில் போர்த்துக்கீசியர் நிறுவிய சமய விசாரணை மன்றம், யூத மரபிலிருந்து மனம் மாறியவர்களையும் துன்புறுத்தியது. 1662இல் டச்சுக்காரர்களுக்குத் துணைபோனதாகக் கூறி, மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தைப் போர்த்துக்கீசியர் சூறையாடினர். சிலுவையைக் கையில் ஏந்தியவர்கள் செய்த செயல் இது. யூதச் சமூகத்திற்குள்ளும் ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. தம்மவருள் ஒரு பிரிவினரைத் தொழுகைக்கூடத்தில் சமமாக அமரவிடாத வழக்கத்தை எதிர்த்து, ஏ. பி. சேலம் என்னும் வழக்கறிஞர் 20ஆம் நூற்றாண்டில் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. கதவை அடைப்பது எல்லாச் சமயத்தாருக்கும் எளிதாகவே வருகிறது.

1948இல் இஸ்ரயேல் நாடு உருவானபின் ஏறத்தாழ 2,500 பேர் கொண்ட கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் படிப்படியாக அங்குச் சென்றனர். பொதுச் செபத்திற்கு வேண்டிய பத்து ஆண்களுக்காக வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்க்கும் நிலை மட்டாஞ்சேரியில் ஏற்பட்டது. 1922இல் பிறந்த சாராவும் அவருடைய கணவர் யாக்கோபு கோஹனும் புறப்படாமல் தங்கிவிட்டனர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாரா தம் வீட்டிலேயே ஒரு பூத்தையல் கடை வைத்திருந்தார். யூத ஆண்கள் செபத்தின்போது அணியும் சிறு குல்லாய்கள், ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணிகள், மேசை விரிப்புகள் ஆகியன அங்கே விற்பனையாயின.

1980களின் தொடக்கத்தில் பள்ளிப்படிப்பை விட்ட தாஹா இப்ராகிம் என்னும் இஸ்லாமியச் சிறுவன் அத்தெருவில் பயணிகளுக்குப் பட அட்டைகள் விற்றுவந்தான். விற்காத அட்டைகளை வைக்க இடமின்றித் தவித்த அவனுக்கு யாக்கோபு தம் வீட்டில் இடம் கொடுத்தார். சாராவுக்குத் தொடக்கத்தில் அதில் விருப்பமில்லை. ஆயினும் நாள்தோறும் வந்துபோன அந்தப் பிள்ளை மெல்லமெல்ல அவ்வீட்டின் பிள்ளையானான். 'சாரா ஆன்ட்டி' என்றே அவரை அழைத்தான்.

1999இல் யாக்கோபு மறைந்தார். மறையுமுன், தம் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி தாஹாவிடம் கேட்டுக்கொண்டார். கொடுத்த வாக்கைத் தாஹா இருபது ஆண்டுகள் காத்தார். கடையை அவரே நடத்தினார். மூதாட்டியின் முதுமையையும் தாங்கினார். சாரா யூதராகவே வாழ்ந்தார். தாஹா இஸ்லாமியராகவே இருந்தார். ஒருவர் சமயத்தை மற்றவர் விலையாகக் கேட்கவில்லை. 2019 ஆகஸ்டு 30ஆம் நாள், தமது 96ஆம் வயதில் சாரா கண்மூடினார். அவர் மறைந்த பின்னும் அக்கடையை அவர் நினைவாகத் தாஹா பேணினார். 2024 ஆகஸ்டில் குவீனி ஹாலெகுவா அம்மையாரும் மறைந்தபோது, மட்டாஞ்சேரிப் பரதேசி யூதப் பெண்களின் வரிசை முடிவுற்றது.

1965 அக்டோபர் 28இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' ஏடு, யூதர்மீதான எல்லா வகை வெறுப்பையும் கண்டித்தது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1986 ஏப்ரல் 13இல் உரோமைத் தொழுகைக்கூடத்திற்குச் சென்று, யூதரை நம் மூத்த சகோதரர்களாகப் போற்றினார். இப்போதனைகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் வாழ்வாக வேண்டுமெனில், ஓர் அறையைத் திறந்துவிடும் மனம் வேண்டும். கோஹன் குடும்பத்தின் வரலாறு கற்பிப்பது இதையே.

ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்பேட்டைகளுக்குப் பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள் தமிழும் கன்னடமும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பேசுகின்றனர். அவர்களுடைய பாட்டிமார் எங்கோ தொலைவில் இருக்கின்றனர். இங்கேயோ, பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, பூட்டிய கதவுக்குப் பின்னால் முதியோர் பலர் தனித்திருக்கின்றனர். ஒரே தெருவில் வாழும் இவ்விரு தனிமைகளும் சந்திப்பதற்கு இரத்த உறவு தேவையில்லை. ஒரே மொழியோ ஒரே சமயமோகூடத் தேவையில்லை.

2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், அன்னம்மாளின் விழாவையொட்டி, ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர், முதியோர் நாளாக ஏற்படுத்தினார். அந்நாளில் நம் பங்குகள் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துவது நன்று. அதனினும் நன்று, மறுநாளும் அவர்கள் வாசலுக்குச் செல்வது.